பொங்காத கேன்

இருட்டுவதற்குள் ஏலக்காய் எஸ்டேட் முதலாளி சுப்பராமனின் ரத்தத்தை மெஷினில் விட்டுக் கழுவியாக வேண்டும். கழுவாவிட்டால் பிழைக்க மாட்டார் என்றார் டாக்டர் ஏசுரத்தினம். கழுவ ஆரம்பித்தால் கட்டிலிலேயே போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது என்றும் அதே மூச்சில் அவரே சொன்னார். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மனிதரை என் ரயில்வே சர்வீஸிலேயே நான் பார்த்ததில்லை. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவன்கூட ஒரு ஜன்னலையாவது திறந்து வைத்துக்கொண்டுதான் பொய் சொல்லுவான்.

பக்கத்தில் நின்றிருந்த என் மைத்துனி திரிபுரசுந்தரி வாசல் கம்பளத்தில் செருப்பைத் தேய்த்துக்கொண்டே, "இருட்ட இன்னும் நேரம் இருக்கே டாக்டர், அதுக்குள்ள ஒரு கதவைத் திறந்துடலாம்," என்றாள்.

ஒலவக்கோட்டில் காப்பிப்பொடிக் கடைக்கு மாடியில் இருக்கிற துப்பறியும் நிலையத்துக்கு முதலாளி, மூளை, கையெழுத்து எல்லாம் திரிபுராதான். டிக்கெட் பரிசோதகராக ரிடையர் ஆன ராமபத்ரனாகிய நான் அவளுக்கு ஒரே உதவியாள். சம்பளம் கிடையாது. கீழேயிருந்து வரும் வாசனை இலவசம்.

எங்களுக்குத் தந்தி கொடுத்தது சுப்பராமனின் மனைவி தர்மாம்பாள் மாமி. கல்பாத்தியில் எங்கள் தெருதான். தந்தியில் இருந்தது இவ்வளவே: அவரை யாரோ கொல்கிறார்கள், வா. உடுமலைப்பேட்டை வழியாக பஸ் பிடித்து மூணாறில் இறங்கினோம். அங்கே எங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டவன் சாம்பசிவன். சுப்பராமனின் அக்கா பிள்ளை, எஸ்டேட் மானேஜர். சின்னக்கானல் தாண்டி, பூப்பாறை தாண்டி, சாந்தன்பாறை மேட்டில் பங்களா வந்து சேர்வதற்குள் என் குடல் எல்லா வளைவிலும் ஒரு வளைவு பின்தங்கியே வந்தது. ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அப்படியும் சாம்பசிவன் மலைப்பக்கத்துக் கான்வாஸை இறக்கிக் கட்டியிருந்தான். பனி உள்ளே அடிக்குமாம். பங்களாவுக்குக் கொஞ்சம் முன்னால் திரிபுரா அந்தக் கான்வாஸின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கி வெளியே பார்த்தாள். வாந்தி எடுக்கத்தான் இடம் பார்க்கிறாள் என்று நினைத்து நான் மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் எடுக்கவில்லை. அந்தப் பாக்கியமும் எனக்கே வாய்த்தது.

டாக்டர் எங்களை மெஷின் ரூமுக்கு அழைத்துப் போனார். போகிற வழியில் திறந்திருந்த கதவுக்குள் சுப்பராமனைப் பார்த்தோம். முகமும் கையும் நீர் கோத்து வீங்கி, தலையணைகளில் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சையும் மலையிலிருந்து கல் உருட்டுவதுபோல இழுத்துக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் என் வாயில் தயாராக இருந்த இரண்டு ஜோக்குகள் தாமாகவே வந்த வழியே திரும்பிப் போய்விட்டன.

மெஷின் ரூமில் ஒரு ஸ்டீல் தொட்டி. யானைக்குட்டி ஒன்றைத் தாராளமாகக் குளிப்பாட்டலாம். அதன் மேல் குழாய்களும் ஒரு பம்ப்பும். சுவரோரம் இரண்டு பிளாஸ்டிக் கேன்கள். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, ஒன்றுக்கு நீல மூடி. இந்த இரண்டு கேன்களையும் டாக்டர் தன் பிள்ளைகளைப்போலத் தடவிக்கொண்டே விளக்கினார். சிறுநீரகம் கெட்டவருக்கு ரத்தம் புளித்துப்போகிறது. அந்தப் புளிப்பை முறிக்க வேண்டும். முதலில் ஒரே கேனில் வருகிற கரைசலைத்தான் போட்டாராம். அது சுப்பராமனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் மறுநாள் முழுக்க நனைந்த வேட்டிபோலக் கிடந்தார். அதனால் டாக்டர், வெளிநாட்டில் தான் பார்த்த முறைக்கு மாறினார். சிவப்பு மூடிக் கேனில் அமிலம். அதாவது சில உப்புகளும், காடியைப் புளிக்க வைக்கிற அதே சமாசாரமும். நீல மூடிக் கேனில் சோடா. ஆப்பத்துக்குப் போடுகிற சோடாவின் சுத்தமான அண்ணன். இரண்டையும் நேருக்கு நேர் விட்டால் சண்டை போட்டுச் சுண்ணாம்பாகி உட்கார்ந்துவிடும். தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, அதில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் சமாதானமாக இருக்கும்.

"எஸ்டேட் யூனியன் தலைவர்கள் ரெண்டு பேர் மாதிரி," என்றேன். "நடுவுல மானேஜ்மெண்ட் ஒண்ணு நிறைய வேணும்."

டாக்டர் சிரிக்கவில்லை. புது முறையில் சுப்பராமன் அபாரமாகத் தேறினாராம். கழுவின மறுநாளே எழுந்து வராந்தாவில் நடந்தார். அப்புறம்தான் இது. கடைசி இரண்டு தடவையும் மெஷினை ஓட்டிய கொஞ்ச நேரத்தில் இதயம் தடுமாறியது. பாதியில் நிறுத்திக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. முதல் தடவை உப்பில் கோளாறோ என்று பழைய டின்னைத் தூக்கி எறிந்தார். புது டின்னை உடைத்துத் தன் கண் முன்னாலேயே கலக்க வைத்தார். அப்படியும் அதே தடுமாற்றம். பழைய ஒற்றைக் கேன் கரைசலுக்குத் திரும்பலாமென்றால் இப்போதிருக்கிற இதயம் அதைத் தாங்காது.

"தண்ணியா, மெஷினா, இல்ல நான் கொண்டுவந்த இந்த முறையே தப்பா, எனக்குத் தெரியலைம்மா," என்றார். அந்தக் கடைசிச் சந்தேகம் அவரைத் தூங்கவிடவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. "இன்னொரு தடவை தடுமாறினா அந்த இதயம் திரும்பி வராது. காரணம் தெரியாம நான் ஊசியைத் தொட மாட்டேன்."

காரணம் தனக்குத் தெரியும் என்று வாசலில் நின்ற சாம்பசிவன் சொன்னான். கேன் கலக்குகிறவன் சூசையப்பன். மெஷினைத் தொடுகிறவனும் அவனே. இந்த வேலைக்கென்று டாக்டரே பழக்கிய ஆள். வேறு யார் செய்திருக்க முடியும்? அதனால் அவனை ஸ்டோரில் போட்டுப் பூட்டிவிட்டுப் போலீசுக்கும் போன் செய்தாகிவிட்டது. வழியில் மண் சரிந்திருப்பதால் ஜீப் வர நேரமாகிறதாம்.

"டிடெக்டிவ் மேடம் சிரமப்பட வேண்டாம். காப்பி சாப்பிட்டுட்டு ஏலத்தோட்டம் சுத்திப் பாருங்கோ," என்றான்.

"மேல் பக்கமா, கீழ்ப் பக்கமா?" என்று திரிபுரா கேட்டாள்.

கீழ்ப்பக்கம்தான் நடக்க வசதி என்றான் அவன். அவள் தலையாட்டிவிட்டு டாக்டரிடம் திரும்பி, கேன்கள் ராத்திரி எங்கே தூங்கும் என்று விசாரித்தாள். எனக்கு அது அசட்டுக் கேள்வியாகப் பட்டது. டாக்டருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். ஆனாலும் பதில் சொன்னார். நீல மூடிச் சோடா வைத்திருந்தால் வீரியம் போய்விடும். அதை அன்றன்றைக்கு, ஊசி போடுவதற்குச் சற்று முன்தான் கலப்பது. சிவப்பு மூடி அமிலம் கெடாது. முந்தின நாளே கலந்துவிடுவார்கள். மெஷின் ரூமை ராத்திரி கழுவிவிடுவதால் அது பூஜை அறைக்கு வெளியே நடையில் இருக்கும்; காலையில்தான் உள்ளே வரும்.

"ஸ்வாமிக்குப் பக்கத்துல," என்றாள் திரிபுரா.

ஸ்டோர் பங்களாவுக்குப் பின்னால் இருந்தது. கதவில் பூட்டு, சாவி சாம்பசிவனின் இடுப்பில். பலகைச் சந்து வழியாக ஒரு கண் எங்களைப் பார்த்தது. அந்தக் கண்ணுக்குப் பின்னால் சூசையப்பன் முழுசாக இருப்பான் என்று நம்பிப் பேச ஆரம்பித்தோம். உள்ளேயிருந்து உர மூட்டை நெடி மூக்கைக் குத்தியது.

அவன் அழவில்லை, சத்தியம் செய்யவில்லை. ஐயா மூச்சு எப்படி இருக்கு என்றுதான் முதலில் கேட்டான். இருட்டினால் ஐயாவுக்குத் திணறல் கூடும், டாக்டர் ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாது, குழாய் பிடிக்க ஆள் வேண்டும், என்னைத் திறந்துவிட்டு வேலை முடிந்ததும் மறுபடி பூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றான்.

கேனில் ஏதாவது வித்தியாசம் பார்த்தாயா என்று திரிபுரா கேட்டாள். இல்லை, முன்னைக்கு இப்போது நல்ல சுத்தம் என்றான் அவன்.

"முன்னே சுத்தமில்லையோ?"

"முன்னெல்லாம் செவப்பு மூடில அடியில லேசா கசடு நிக்கும்மா. சாம்பக் கலர்ல. மெல்லுசு துணியில வடிகட்டித்தான் தொட்டில ஊத்துவேன். உப்பு சுத்தமில்லன்னு டாக்டர்ட்ட ஏச்சும் வாங்கிருக்கேன். கடைசி ரெண்டு வாட்டி துணியில ஒண்ணுமே நிக்கல, கண்ணாடி மாதிரி இருந்துச்சு. நானே சந்தோசப்பட்டேன்னா பாத்துக்கிடுங்க."

சுத்தமாக இருந்த கேன் கொல்லப் பார்த்திருக்கிறது. அழுக்காக இருந்த கேன் நடக்க வைத்திருக்கிறது. என் மூளை இந்த இடத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தது. திரிபுராவின் மூளைக்கு ஏற்றம் பழக்கம். அவள் பூஜை அறையை நோக்கிக் கிளம்பினாள்.

தர்மாம்பாள் மாமி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் வாடிக் கிடந்தது. நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். திரிபுரா எதிரில் உட்கார்ந்து மாமியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் இப்படி மெதுவாக நடந்துகொண்டால் ஏதோ பெரிசாக வரப்போகிறது என்று அர்த்தம். திருடர்களிடம்தான் அவள் சத்தம் போடுவாள்.

"மாமி, செவப்பு மூடிக் கேன்ல என்ன போட்டேள்?"

மாமி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

"விஷமா போட்டேன்? விபூதியாக்கும் போட்டேன். நம்ம விஸ்வநாதர் விபூதி."

அதற்கப்புறம் கொட்டித் தீர்த்தாள். அந்தத் தண்ணீர் அவர் ரத்தத்தோடு உரசிக்கொண்டு ஓடப்போகிறது. அதில் ஸ்வாமி இல்லாமல் வெறும் மருந்து மட்டும் போனால் எப்படி? முந்தின நாள் சாயரட்சைக்கு விளக்கேற்றிவிட்டு, கேன் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை போடுவாளாம். டாக்டர் வேதக்காரர், ஏசுவைக் கும்பிடுகிறவர்; சொன்னால் வேண்டாம் என்பார். அதனால் சொல்லவில்லை. போட்டவுடன் உள்ளே நுரைத்துக்கொண்டு பொங்குமாம். கோலி சோடா திறந்ததுபோலச் சத்தம் வருமாம். ஸ்வாமி ஏற்றுக்கொண்டார் என்று மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு மூடிவிடுவாள். அவரும் தேறி எழுந்து நடந்தார்.

"இப்போ ரெண்டு தடவையா பொங்கலைடீ," என்றாள் மாமி. "முழுப் பொட்டலத்தைக் கொட்டியும் பொங்கலை. நான் என்ன அபசாரம் பண்ணினேனோ, ஸ்வாமி முகத்தைத் திருப்பிண்டுட்டார். அதான் பட்டினி கிடக்கேன்."

திரிபுராவின் கை இறுகியதை நான் பார்த்தேன்.

"முழுப் பொட்டலமா? அது யார் குடுத்த விபூதி மாமி?"

மாமி கையை உருவிக்கொண்டாள். அது விசேஷ விபூதி. கேனுக்கு மட்டும்தான், நெற்றிக்கு இட்டுக்கொள்ளக்கூடாது. யார் கொண்டுவந்தது என்று சொன்னால் பலன் போய்விடும், சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், அவர் உயிர் அதில் இருக்கிறது, கேட்காதே என்றாள். திரிபுரா மறுபடி கேட்கவில்லை. விளக்குக்குப் பின்னால் மிச்சம் ஒரு மஞ்சள் காகிதப் பொட்டலம் இருந்தது. அதை எடுத்துக்கொள்ள மாமியிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

நடையில் என்னை நிறுத்தி, "மனசிலாச்சா அத்திம்பேர்?" என்றாள்.

மனசில் ஆயிற்று என்றேன். என் மனசு அந்தப் பக்கமே போகவில்லை.

"நிஜ விபூதி சாம்பலாக்கும். புளிப்புல போட்டா சுண்ணாம்பு மாதிரி பொங்கும். கரையாத கசடு அடியில நிக்கும். இந்தப் பொடி பொங்கவும் இல்லை, கசடு வைக்கவும் இல்லை. சத்தமில்லாம கரைஞ்சு போயிடுத்து."

"ஆப்ப சோடாவா இருக்குமோ?"

"சோடான்னா கேன் மூடி கூரையில போய் முட்டியிருக்கும். இது ஏதோ ஒரு உப்பு. வாசனைக்குக் கொஞ்சம் ஜவ்வாது."

அவள் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுப் பொட்டலத்தைக் காட்டிக் காதில் ஏதோ கேட்டாள். கேள்வி எனக்குக் கேட்கவில்லை. ஆனால் டாக்டரின் முகத்திலிருந்து ரத்தம் வற்றி வெளுத்ததைப் பார்த்தேன்; மெஷின் இல்லாமலே அவ்வளவு வேகமாக ரத்தம் இறங்குமென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அப்படியானால் போன தடவை உள்ளே போனதெல்லாம் இன்னமும் அவர் உடம்பில்தான் இருக்கும், அதை வெளியே எடுக்கவும் இந்த மெஷின்தான் வேண்டும், இனி ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது என்றார். வெளியே வெயில் மங்கி, மலைக்குப் பின்னாலிருந்து மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது.

இந்த நேரத்தில் கீழ் வளைவில் போலீஸ் ஜீப் முனகும் சத்தம் கேட்டது. சாம்பசிவன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு சூசையப்பனைக் கொண்டுவரக் கிளம்பினான். நல்லதாப் போச்சு, அவனையும் ஹாலுக்கு அழைச்சுண்டு வாங்கோ, டயாலிசிஸ் ஆரம்பிக்கப் போறோம் என்று திரிபுரா சொன்னாள். அவன் ஒரு கணம் நின்றான். ஆரம்பிக்கப் போகிறீர்களா என்று கேட்ட குரலில் கவலை நிறைய இருந்தது. யாருக்கான கவலை என்றுதான் தெரியவில்லை.

எல்லோரும் சுப்பராமனின் அறைக்கு வெளியே ஹாலில் கூடினோம். திரிபுரா ஒரு வெள்ளித் தட்டை ஏந்தி வந்தாள். அதில் மஞ்சள் காகிதம் விரித்திருந்தது. அதன் மேல் குவியலாக வெள்ளைப் பொடி. மாமி கேனில் போடுகிற விசேஷ விபூதி இதுதான், அவர் பிழைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எல்லோரும் நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தை வழக்கம்போல நாக்கில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். நெற்றிக்கு ஆகாதே என்று மாமி எழுந்தாள். இன்னிக்கு ஆகும் மாமி என்று அவளை உட்கார வைத்தாள்.

பிறகு தட்டை முதலில் என்னிடம் நீட்டினாள். பரம எதிரிகூட இப்படித் துரோகம் செய்ய மாட்டான். சற்று முன்தான் இது ஒரு மனிதனின் இதயத்தை நிறுத்தப் பார்த்த பொடி என்று எனக்கே சொல்லியிருக்கிறாள். அவள் கண்ணைப் பார்த்தேன். இமைகூட அசையவில்லை. என் நாக்கு அந்த நிமிஷத்தில் உயில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிட்டது. இட்டுக்கொண்டேன். ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டேன். விழுங்கினேன். உயிரோடு இருந்தேன். ருசியைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

மாமி போட்டுக்கொண்டாள். டாக்டர் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு புருவத்தைத் தூக்கினார். சூசையப்பன் கை கட்டப்பட்டு நின்றான். எங்கள் கோவிலிலும் வருசத்துக்கு ஒரு நாள் சாம்பல் புதன் என்று நெற்றியில் பூசுவார்கள், எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிக் குனிந்தான். திரிபுரா பூசினாள். வாயைத் திறந்தான். "ஐயா பொழைக்கணும்னா தட்டோட தாங்க, தின்னுடுதேன்," என்றான்.

தட்டு சாம்பசிவனிடம் போனது. பட்டை பட்டையாக மூன்று விரலால் அழகாக இட்டுக்கொண்டான். பிறகு விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"வாயில?" என்றாள் திரிபுரா.

வெற்றிலை போட்டிருக்கிறேன் என்றான். கொப்புளித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாமே என்றாள். பழக்கமில்லை என்றான். சின்ன வயசிலிருந்து நான் உன் வாயில் போட்டிருக்கிறேனேடா என்று மாமி மெல்லக் கேட்டாள். மாமியின் குரலில் ஏதோ விரிசல் விட்டிருந்தது. திரிபுரா ஒரு சிட்டிகையை எடுத்து அவன் வாய்க்கு நேரே கொண்டுபோனாள். அவன் பின்வாங்கினான். முதுகு சுவரில் முட்டியது. அடுத்த நொடி தட்டு பறந்து சுவர்க்கடிகாரத்தில் மோதிக் கீழே விழுந்தது.

"அந்த எழவைக் கொண்டுவந்து என் வாயில திணிக்கறியா?" என்று அலறினான்.

ஹால் முழுக்க வெண்புகையாகப் பொடி இறங்கிக்கொண்டிருந்தது. திரிபுரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அது எங்காத்து விபூதி சாம்பசிவா. என் கைப்பையில எப்பவும் இருக்கும். கல்பாத்தி விஸ்வநாதர் சன்னிதியில வாங்கினது." இடுப்பிலிருந்து இன்னொரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். "உன்னோடது இதோ, பத்திரமா இருக்கு. தட்டுல காகிதம் மட்டும்தான் உன்னோடது. இத்தனை பேர் வாயில வெறும் சாம்பலாத் தெரிஞ்சது, உனக்கு மட்டும் எழவாத் தெரிஞ்சுது பார்."

சாம்பசிவன் வாசலைப் பார்த்தான். வாசலில் போலீஸ் ஜீப்பிலிருந்து இறங்கிய இரண்டு தொப்பிகள் நின்றன. அவன் வரவழைத்த தொப்பிகள்தான்.

மாமி எழுந்து அவன் கிட்டே வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கை தூக்கவில்லை. "நீதானேடா கொண்டுவந்தே," என்றாள். "என் கையாலயே போட வெச்சயேடா." அவ்வளவுதான். சாம்பசிவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மிச்சத்தை திரிபுரா போலீஸ்காரர்களுக்கு நின்றபடியே சொன்னாள். மாமி சிட்டிகை விபூதி போடுவதை இவன் பார்த்திருக்கிறான். தோட்டத்துக்கு வாங்கின வெள்ளைப் பொட்டாஷ் உரத்தை மாவாக அரைத்து, ஜவ்வாது போட்டு, பெரிய சாமியார் கொடுத்ததாகச் சொல்லி, முழுப் பொட்டலமாகப் போடச் சொல்லியிருக்கிறான். சிறுநீரகம் கெட்டவருக்கு அது வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கி, இதயத்தில் வைத்த பூட்டாகிவிடும். கடைசியில் சூசையப்பனைப் பூட்டினதும் அதே பொட்டாஷ் மூட்டைகளுக்கு நடுவில்தான்.

"எதுக்காக?" என்று டாக்டர் கேட்டார். "ஆறு மாசமா இவன் கூடவே இருந்தானே. நல்லாத்தானே பார்த்துக்கிட்டான்?"

"ஆறு மாசமா மாமா படுக்கையில இருந்தார்," என்றாள் திரிபுரா. "உங்க ரெண்டு கேன் வந்தது. மாமா எழுந்து நடந்தார். வராந்தாவுல நடந்தவர் அடுத்தாப்பல எங்க போவார்?"

மலைமேட்டுத் தோட்டமான மேல் பிளாக்குக்கு என்று மாமி சொன்னாள். அடுத்த வாரம் மேல் பிளாக்கு வரைக்கும் நடக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"மேல் பிளாக்குல நிழல் மரம் ஒண்ணு பாக்கி இல்லை. ஜீப்புல வரச்சே கான்வாஸைத் தூக்கிப் பார்த்தேன். இவன் வெட்டி வித்தாச்சு. ஏலச்செடியெல்லாம் வெயில்ல வெந்து மஞ்சளா நிக்கறது. அதை மாமா பார்த்துடக்கூடாதேன்னு அவர் கண்ணை மூடப் பார்த்தான்."

அப்போதுதான் டாக்டரின் தோள் இறங்கியது. அவர் முறை தப்பில்லை. முறை சரியாக இருந்ததுதான் சாம்பசிவனுக்குத் தப்பாகிவிட்டது. ஆனால் அவர் அதைச் சொல்லி நிற்கவில்லை. சூசையப்பா, தொட்டி, என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார். போலீஸ்காரர் ஒருவர் சூசையப்பனின் கட்டை அவிழ்த்து அதே கயிற்றைச் சாம்பசிவனுக்கு மாற்றினார். சிக்கனமான இலாகா.

ராத்திரி நடையில் இருந்துவிட்டு வந்த சிவப்பு மூடிக் கேனைத் தனியே எடுத்து வைத்தார்கள். புது உப்பு, புது அமிலம், ஒரு நிமிஷம்கூடக் கண்ணுக்கு மறையாமல் கலந்தார்கள். தொட்டியில் தண்ணீர் ஏறியது. சிவப்பு போனது. கலக்கினார்கள். சோடாவைக் கரைத்து நீலமும் போனது. தண்ணீர் தெளிவாக நின்றது. சுப்பராமனைக் கட்டிலோடு தொட்டிக்குப் பக்கத்தில் தள்ளிவந்து ஊசி ஏற்றினார்கள். பம்ப் ஓட ஆரம்பித்தது. டாக்டர் சுப்பராமனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நாங்கள் எல்லோரும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். போன இரண்டு தடவையும் தடுமாறிய நேரம் வந்தது. என் மூச்சை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். சூசையப்பன் குழாயைப் பிடித்தபடி உதடு அசைய ஜெபித்தான். நேரம் கடந்தது. டாக்டர் கண்ணைத் திறந்தார். நாடி ஒரே சீராக ஓடியது. மணிக்கட்டை மெதுவாகப் படுக்கையில் வைத்துவிட்டு, அதே கையால் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கழுவி முடிகிற வரைக்கும் மாமி நடையில்தான் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. இனி அந்த அறைக்குள் கால் வைக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று சொன்னாளாம். திரிபுரா அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னாள்: அந்தச் சிட்டிகை விபூதியும் கேனில் போகக்கூடாதுதான், இத்தனை நாள் அது கெடுதல் பண்ணாமல் போனது அதிர்ஷ்டம், இனிமேல் ஸ்வாமியை நெற்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாமி தலையாட்டினாள். கண் நிறைந்து வழிந்தது.

"அவர் முகத்தைத் திருப்பிண்டுட்டாரேடீ," என்றாள் மறுபடியும்.

திரிபுரா சூசையப்பன் கலந்துவிட்டு மிச்சம் வைத்திருந்த அமிலத்தில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றினாள். தன் கைப்பையைத் தட்டி, கடைசியாக ஒட்டியிருந்த விபூதியை மாமியின் உள்ளங்கையில் வைத்தாள்.

மாமி அதை டம்ளரில் போட்டாள்.

சீறிக்கொண்டு நுரை எழுந்தது. விளிம்பைத் தாண்டி வழிந்து மாமியின் விரல்களை நனைத்தது. கோலி சோடா திறந்த சத்தம்தான். மாமி மிகைப்படுத்தியே சொல்லவில்லை. அவள் டம்ளரையே பார்த்தாள். பிறகு ஈரக் கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

உள்ளேயிருந்து, அத்தனை நாளாக மூச்சு விடத் திணறிய ஒரு குரல் முழு வாக்கியமாக வந்தது.

"தர்மா, யாரோ வந்திருக்கா போலிருக்கே. காப்பி குடுத்தியோ?"

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் மட்டும் டம்ளரின் அடியில் நின்ற சாம்பல் நிறக் கசடைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் பிளாக்கைப் பற்றி அவரிடம் யார் சொல்லப் போகிறார்கள் என்று யோசித்தேன். அதற்குள் திரிபுரா அடுக்களைப் பக்கம் கிளம்பிவிட்டாள்.

"வாங்கோ அத்திம்பேர்," என்றாள். "மாமி ரெண்டு நாள் பட்டினி. இன்னிக்குச் சமையல் நம்மளோடதாக்கும். ருசி பார்க்கறது முதல்ல நீங்கதான்."